84 புள்ளி எடுத்தும் தோற்றேன்: ஸ்காட் கணக்கை யாராவது விளக்குங்கள்

யேனாவாசி | வெள்ளி, இரவு 11:52

வணக்கம். படிப்பதற்காக ஜெர்மனி வந்து ஏழு மாதம் ஆகிறது. விடுதியில் என் தளத்தில் மூன்று பேர் வெள்ளிக்கிழமைதோறும் ஸ்காட் என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். இன்று ஒருவர் ஊருக்குப் போய்விட்டதால் என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள். ஊரில் கழுதையும் ரம்மியும் ஆடிய கைதானே என்ற தைரியத்தில் நானும் உட்கார்ந்தேன்.

எனக்குப் புரிந்தவரை ஆட்டம் இதுதான். ஏழு முதல் ஏஸ் வரை 32 சீட்டு. மூன்று பேருக்கும் ஆளுக்குப் பத்து. மிஞ்சும் இரண்டு நடுவில் கவிழ்ந்து கிடக்கும். அவற்றுக்குத்தான் ஸ்காட் என்று பெயர். ஏலத்தில் வென்றவர் அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு, வேண்டாத இரண்டைக் கவிழ்த்து வைத்து, துருப்பு எதுவென்று அறிவித்து, மற்ற இருவரையும் எதிர்த்துத் தனியாக ஆட வேண்டும். பிடித்த சீட்டுகளில் ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 4, ராணிக்கு 3, ஜாக்கிக்கு 2, மற்றவற்றுக்கு ஒன்றுமில்லை. ஆக மொத்தம் 120. தனியாள் 61 எடுத்தால் வெற்றி. சரிதானே?

என் கையில் வந்தவை: ஆட்டின் ஜாக்கி, டைமன் ஜாக்கி, ஆட்டினில் ஏஸ், பத்து, ஒன்பது, எட்டு, இஸ்பேடில் ஏஸும் பத்தும், கிளாவர் ராஜா, டைமன் எட்டு. முதலில் இறக்க வேண்டியவனும் நானே. இடப்பக்கத்து ஆள் 18, 20, 22 என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தபடி 'பெரிய ஜாக்கி இரண்டு இல்லாமல், ஆட்டம் மூன்று, ஆட்டினுக்குப் பத்து, ஆக முப்பது' என்று மனத்துக்குள் போட்டுவைத்து, 30 வரைக்கும் 'யா' சொன்னேன். அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். மூன்றாமவர் வாயே திறக்கவில்லை.

ஸ்காட்டைத் தூக்கினால் கிளாவர் ஜாக்கி! கட்டிலேயே பெரிய சீட்டு! கூடவே டைமன் ஏழு. துள்ளிக் குதிக்காத குறை. கிளாவர் ராஜாவையும் டைமன் எட்டையும் கழித்துவிட்டு ஆட்டின் என்றேன். அவர்களுக்குப் போனது இரண்டே பிடி. எண்ணினால் எனக்கு 84, அவர்களுக்கு 36. கை நீட்டினால், கை குலுக்காமல் தாளில் என் பெயருக்குக் கீழே கழித்தல் 60 என்று எழுதினார்கள். சிரித்துக்கொண்டே ஏதோ விளக்கமும் சொன்னார்கள். என் ஜெர்மன் அந்த அளவுக்கு இன்னும் வளரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

கணக்குப்பிள்ளை | சனி, காலை 6:15

ஏமாற்றவில்லை. எழுதியது சரி.

யேனாவாசி | சனி, காலை 9:03

இவ்வளவுதானா? விளக்க மாட்டீர்களா ஐயா?

பழைய ஜாக்கி | சனி, காலை 10:40

தம்பி, பிள்ளையவர்கள் சுருக்கமாகத்தான் பேசுவார். நான் விரித்துச் சொல்கிறேன். நான் எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்கு வந்தவன். டோர்ட்முண்டில் இரவு வேலை. இடைவேளை அரை மணித்தியாலம். அந்த அரை மணியில் ஜேர்மன்காரர் இருவர் மூன்றாவது கைக்கு ஆள் தேடுவார்கள். மொழி படிக்க முந்தி ஸ்காட் படித்தவன் நான். எண்களையே இந்த ஏலத்தில்தான் படித்தேன். அதனால் கன காலத்துக்கு எனக்கு 18க்கும் 20க்கும் நடுவில் ஜேர்மனில் ஓர் எண் இருப்பதே தெரியாது.

உங்களைக் கெடுத்தது அந்தக் கிளாவர் ஜாக்கிதான்.

ஸ்காட்டில் இரண்டு கணக்கு ஓடுகிறது. ஒன்று, பிடித்த சீட்டுகளின் புள்ளி, 120இல் 61. மற்றது, ஆட்டத்தின் விலை. ஏலத்தில் சொல்லும் எண் இந்த இரண்டாவது கணக்கைச் சேர்ந்தது. 30க்கு 'யா' சொன்னீர்கள் என்றால், '30 அல்லது அதற்கு மேல் விலையுள்ள ஆட்டம் ஒன்றை ஆடி வெல்வேன்' என்று வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். 61க்கும் அந்த 30க்கும் ஒரு தொடர்பும் கிடையாது. புதிதாக வருபவர்கள் எல்லாரும் இடறி விழும் படிக்கட்டு இதுதான். நானும் விழுந்தேன்.

விலையை இப்படிப் போடுகிறார்கள். டைமனுக்கு 9, ஆட்டினுக்கு 10, இஸ்பேடுக்கு 11, கிளாவருக்கு 12. இதைப் பெருக்கும் எண் ஜாக்கிகளால் வருகிறது. கிளாவர், இஸ்பேட், ஆட்டின், டைமன் என்பது ஜாக்கிகளின் தரவரிசை. கிளாவர் ஜாக்கி உங்களிடம் இருந்தால், அதிலிருந்து கீழ்நோக்கி இடைவெளி விழாமல் எத்தனை துரும்பு இருக்கிறது என்று எண்ண வேண்டும். அது இல்லாவிட்டால், மேலிருந்து எத்தனை துரும்பு தொடர்ச்சியாக இல்லை என்று எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையோடு ஒன்று கூட்டினால் பெருக்கும் எண். வைத்திருப்பவனுக்கும் விலை, இல்லாதவனுக்கும் அதே விலை. இந்த நீதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஏலத்தின்போது உங்களிடம் மேல் இரண்டும் இல்லை. இல்லாமை இரண்டு, ஆட்டம் மூன்று, 3 பெருக்கல் 10, முப்பது. சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் ஸ்காட்டில் கிடந்த சீட்டும் உங்கள் சீட்டுத்தான். கிளாவர் ஜாக்கி வந்ததும் கணக்குத் தலைகீழாகிவிட்டது. இப்போது மேலே ஒன்று இருக்கிறது, அடுத்து இஸ்பேட் ஜாக்கி இல்லை, இடைவெளி விழுந்துவிட்டது. இருப்பது ஒன்று, ஆட்டம் இரண்டு, 2 பெருக்கல் 10, இருபது. முப்பதுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இருபது பெறுமதியான ஆட்டத்தை ஆடியிருக்கிறீர்கள். 84 இல்லை, 89 எடுத்திருந்தாலும் தோல்விதான். தோல்விக்கு விலை இரட்டிப்பு, ஆகவே கழித்தல் 60.

யேனாவாசி | சனி, காலை 10:58

ஐயோ. அப்படியென்றால் நல்ல சீட்டு வந்ததால் தோற்றேன்!

ஆனால் 89 என்று ஏன் நிறுத்தினீர்கள் அண்ணா? 90 எடுத்திருந்தால்?

பழைய ஜாக்கி | சனி, காலை 11:10

கெட்டிக்காரன். 90 எடுத்தால் எதிரணிக்கு 30தான் மிஞ்சும். 30ஐத் தாண்டாத பக்கம் 'ஷ்னைடர்' ஆகிவிடும். அந்தச் சொல்லுக்குத் தையற்காரர் என்று பொருள். பெருக்கும் எண்ணில் ஒன்று கூடும், ஆட்டம் மூன்றாகும், முப்பது வந்துவிடும், நீங்கள் தப்பியிருப்பீர்கள். ஆறே ஆறு புள்ளி. எதிரணிக்கு ஒரு பிடிகூடக் கிடைக்காமல் அடித்தால் 'ஷ்வார்ட்ஸ்', கறுப்பு, இன்னுமொன்று கூடும்.

அந்த 36 எப்படிப் போனது? பிடி பிடியாகச் சொல்லுங்கள் பார்ப்போம்.

யேனாவாசி | சனி, முற்பகல் 11:31

முதலில் கிளாவர் ஜாக்கி போட்டேன். இடப்பக்கத்தவர் ஆட்டின் ஏழு, மற்றவர் ஆட்டின் ராணி. அடுத்து ஆட்டின் ஜாக்கி. இடப்பக்கத்தவர் இஸ்பேட் ஜாக்கியால் அடித்தார். துருப்பு தீர்ந்துபோன மற்றவர் அதன்மேல் கிளாவர் ஏஸைத் தூக்கிப் போட்டார். 15 போயிற்று. பிறகு டைமன் ஏஸ் வந்தது, அதன்மேல் டைமன் பத்து, என் ஏழு. 21. அதற்குப் பிறகு எல்லாம் எனக்கே.

பழைய ஜாக்கி | சனி, பகல் 12:05

கூட்டாளி வெல்லப்போகும் பிடியில் கனமான சீட்டைச் சேர்த்துவிடுவதை இங்கே 'ஷ்மீரன்' என்பார்கள். பூசுவது என்று பொருள், அச்சாணிக்கு மசகு பூசுகிறோமே, அந்தப் பூசல். உங்களுக்கு நன்றாகவே பூசியிருக்கிறார்கள்.

சரி, இனிச் சொல்லப்போவதைக் கேட்டு வயிறெரியக் கூடாது. ஸ்காட்டைத் தூக்கிய பிறகும் எந்த ஆட்டம் என்று தெரிவு செய்ய உங்களுக்கு உரிமை இருந்தது. ஆட்டின் என்றுதான் சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டி வைக்கவில்லை. 'கிராண்ட்' என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. அதில் நான்கு ஜாக்கிகள் மட்டுமே துரும்பு, விலை 24. இருப்பது ஒன்று, ஆட்டம் இரண்டு, 48. முப்பதை எப்போதோ தாண்டிவிட்டது.

உங்கள் கையைப் பாருங்கள். மூன்று ஜாக்கி உங்களிடம். வெளியே ஒன்றே ஒன்று. முதற்சீட்டும் உங்களுடையது. கிளாவர் ஜாக்கியை இறக்கினால் இஸ்பேட் ஜாக்கி யாரிடம் இருந்தாலும் விழுந்தே ஆக வேண்டும், ஏனென்றால் துரும்புக்குத் துரும்பு போட வேண்டியது கட்டாயம், அவரிடம் வேறு துரும்பு கிடையாது. ஆட்டின் ஆட்டத்தில் அவர் ஏழைப் போட்டு ஜாக்கியை ஒளித்துவைத்தார். கிராண்டில் அந்த ஏழு துரும்பே இல்லை. அடுத்து ஆட்டின் ஏஸ், ஆட்டின் பத்து. நீங்கள் சொன்ன பிரிவின்படி அதற்குள் ராஜா, ராணி, ஏழு மூன்றும் விழுந்துவிடும். பின் ஒன்பது, எட்டு. இஸ்பேட் ஏஸ், பத்து. மிஞ்சியிருக்கும் இரண்டு ஜாக்கி. ஒன்பது பிடி வரிசையாக உங்களுக்கு. கடைசியில் டைமன் ஏழு மட்டும் போகும். அதில் அவர்கள் இரண்டு ஏஸைச் சேர்த்தாலும் 22 தாண்டாது. அதாவது ஷ்னைடர். ஆட்டம் மூன்று, 3 பெருக்கல் 24, எழுபத்திரண்டு.

பாட்டி ஆடினாலும் வெல்லும் இப்படிப்பட்ட கையை இங்கே 'பாட்டி கை' என்பார்கள். கையில் இருந்தது பாட்டி கை, தாளில் ஏறியது கழித்தல் 60.

யேனாவாசி | சனி, பகல் 12:09

வயிறு எரிகிறது.

கணக்குப்பிள்ளை | சனி, பகல் 1:20

இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுகிறேன். ஸ்காட்டைத் தொடாமலே 'ஹாண்ட்' என்று அறிவித்து ஆட்டின் ஆடியிருந்தால், கைக்கு ஒன்று கூடும். கவிழ்ந்தபடி கிடக்கும் கிளாவர் ஜாக்கியும் இறுதிக் கணக்கில் உங்களுடையதே. இருப்பது ஒன்று, ஆட்டம் இரண்டு, ஹாண்ட் மூன்று. சரியாக முப்பது. அந்த ஜாக்கியைக் கண்ணால் பார்க்காமல் 61 எடுத்திருந்தாலே போதும்.

ஏல எண்கள் ஏன் ஒழுங்கில்லாமல் இருக்கின்றன என்று பலர் கேட்பார்கள். 18, 20, 22, 23, 24, 27, 30, 33, 35, 36, 40 என்று போகும். காரணம் எளிது. ஏதாவது ஓர் ஆட்டத்தின் விலையாக வரக்கூடிய எண்ணை மட்டுமே சொல்ல முடியும். ஒன்பதின் இரு மடங்கு 18, அதுவே குறைந்தபட்ச ஆட்டம். 19 என்று எந்த ஆட்டமும் இல்லை, ஆகவே அந்த எண்ணும் இல்லை. உச்சம் 264: நான்கு ஜாக்கியும் கையில், ஸ்காட்டைத் தொடாமல், எல்லாவற்றையும் முன்கூட்டி அறிவித்து, சீட்டுகளை விரித்துக் காட்டி, ஒரு பிடிகூட விடாமல் ஆடும் கிராண்ட். 11 பெருக்கல் 24.

நடுவில் நிற்கும் 23, 35, 46, 59 ஆகிய நான்கும் 'நுல்' ஆட்டத்தின் விலைகள். நுல் வேறு உலகம். துருப்பே கிடையாது. சீட்டுகள் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து என்று நாம் பள்ளிக்கூடத்தில் ஆடிய வரிசைக்குத் திரும்பிவிடும். தனியாள் ஒரு பிடிகூட எடுக்கக் கூடாது. எடுத்த கணமே ஆட்டம் முடிந்தது.

சனிக்கிழமை ராணி | சனி, பிற்பகல் 3:47

நான் லைப்சிக்கில் இருக்கிறேன். மாடிக்குக் கீழே எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். அவரிடம்தான் கற்றேன். இத்தனை கணக்குக்குள் என்னைப்போன்றவர்கள் செய்யும் சாதாரணத் தவற்றை யாரும் சொல்லவில்லையே!

ஜாக்கி தன் மேல் அச்சிட்டிருக்கும் பூவைச் சேர்ந்தது அல்ல. அது எப்போதும் துருப்பு, நுல் ஒன்றைத் தவிர. ஆட்டின் துருப்பாக இருக்கும்போது யாராவது டைமன் இறக்கினால், டைமனில் உங்களிடம் ஜாக்கி மட்டும் இருந்தால், உங்களிடம் டைமனே இல்லை என்று பொருள். விரும்பினால் வெட்டலாம், அல்லது எதையாவது கழிக்கலாம். அதேபோல் துருப்பு இறங்கினால் கையில் இருக்கும் ஒற்றை ஜாக்கியைப் போட்டே ஆக வேண்டும், பதுக்கக் கூடாது. நான் முதல் மாதத்தில் மூன்று முறை பதுக்கிவிட்டேன். பாட்டி ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை அங்கேயே முடித்து எனக்குத் தோல்வி எழுதினார். ஈவு இரக்கமே இல்லை. பிறகு கேக் கொடுத்தார்.

இன்னொன்று, வரிசை. ஜாக்கிகளுக்கு அடுத்து ஏஸ், அதற்கடுத்து பத்து, பிறகுதான் ராஜா, ராணி, ஒன்பது, எட்டு, ஏழு. பத்து ராஜாவை அடிக்கும் என்பது மண்டையில் ஏற எனக்கு வெகுநாள் ஆனது. பாட்டி வீட்டுச் சீட்டிலோ ராணியே கிடையாது! கிளாவருக்குப் பதில் ஓக்குக் கொட்டை, இஸ்பேடுக்குப் பதில் இலை, டைமனுக்குப் பதில் மணி. ராணியின் இடத்தில் 'ஓபர்', ஜாக்கியின் இடத்தில் 'உண்டர்' என்று இரண்டு ஆண்கள். கிழக்குப் பக்கத்தில் இந்தப் படம்தான் வழக்கம். மேற்கில் நமக்குத் தெரிந்த படம். போட்டிகளில் இரு பக்கத்தாரையும் சமாதானப்படுத்த நடுவழி ஒன்று கண்டிருக்கிறார்கள்: நம் படம், ஆனால் இஸ்பேட் பச்சையாகவும் டைமன் மஞ்சளாகவும் இருக்கும். முதலில் பார்த்தபோது அச்சுப் பிழை என்று நினைத்தேன்.

பழைய ஜாக்கி | சனி, மாலை 5:15

வரிசை பற்றித் தங்கச்சி சொன்னது எனக்கும் நடந்தது, வேறு விதமாக. நாங்கள் ஊரில் முந்நூற்றிநாலு ஆடி வளர்ந்தவர்கள். அதுவும் இதே 32 சீட்டுத்தான், ஜாக்கிதான் பெரியது. ஆனால் அங்கே ஜாக்கிக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, பிறகு ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. ஒரு பூவுக்கு 76, நாலு பூவுக்கு 304. அந்தப் பழக்கத்தில் இங்கே ஒன்பதைப் பொன்போல் பொத்தி வைத்தேன். கடைசியில் இறக்கியபோது மேசையைச் சுற்றி ஒரே சிரிப்பு. இங்கே ஒன்பது வெறும் கழிவுச் சீட்டு. ஜாக்கிக்கோ 2 புள்ளிதான். அதிகாரம் முழுக்க அவன் கையில், சம்பளம் மட்டும் கடைநிலை ஊழியனுடையது.

இன்னொரு பொறி இருக்கிறது, அது நம் மொழியால் வருவது. முந்நூற்றிநாலில் 'கேட்கிறேன்' என்றால் ஏலம் கேட்கிறேன் என்று பொருள். ஸ்காட்டில் சீட்டுப் போடுகிறவருக்கு இடப்பக்கத்தில் இருப்பவரைக் 'கேட்பவர்' என்பார்கள். அவர் காதால் கேட்பவர்! அவருக்கு அடுத்தவர்தான் எண்ணைச் சொல்ல வேண்டும். கேட்பவர் 'யா' என்றோ 'பாஸ்' என்றோ மட்டும் சொல்லுவார். இருவரில் ஒருவர் விலகிய பிறகு மூன்றாமவர் தொடர்ந்து சொல்லலாம். 'போடு, கேள், சொல்' என்று பிள்ளைகளுக்குப் பாடம் பண்ணுவிப்பார்கள். 'ஹோரன்' என்றால் கேட்பது என்று அகராதியில் பார்த்துவிட்டு, கேட்பவன் நானென்றால் எண்ணைக் கேட்க வேண்டியவனும் நானே என்று 18, 20 எனச் சொல்லிக்கொண்டே போனேன். எதிரில் இருந்தவர் பயந்துபோய்ப் பாஸ் சொன்னார்.

யேனாவாசி | சனி, மாலை 6:02

அண்ணா, துரும்பு என்று எழுதுகிறீர்கள். துருப்பு அல்லவா?

பழைய ஜாக்கி | சனி, மாலை 6:20

எங்கள் ஊரில் பத்திரிகைகூடத் துரும்புச் சீட்டு என்றுதான் எழுதும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்றால் எங்களுக்குத் துரும்பும் ஆயுதம். நீங்கள் துருப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள், பிடி எப்படியும் எனக்குத்தான்.

நேர்வழி | சனி, இரவு 8:33

படிக்கப் போன பிள்ளைக்குச் சீட்டாட்டம் கற்றுக்கொடுக்கிறீர்கள், நன்றாக இருக்கிறது. சீட்டால் எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது என்று இங்கே யாருக்கும் தெரியாதா?

சனிக்கிழமை ராணி | சனி, இரவு 9:10

தெரியும் ஐயா. என் மாமா ஒருவர் வீட்டையே வைத்து ஆடியவர், அதனால் எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு நுழையவே கூடாது. அம்மாவிடம் இந்தப் பாட்டி விவரத்தை இன்னும் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் ஆடுவது காசுக்கு அல்ல. தாளில் எண் ஏறும், இறங்கும், அவ்வளவே. மூன்றாவது கையாகப் பாட்டியின் தங்கை பஸ் பிடித்து வருவார். ஒருவர் வராவிட்டால் ஆட்டம் இல்லை என்பதால் மழையிலும் வருவார்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 5:58

சீட்டுகள் பிரியக்கூடிய வகைகள் 2,753,294,408,504,640. ஏறத்தாழ 2,753 லட்சம் கோடி. அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு கையில் அதிர்ஷ்டமே எல்லாம். ஆனால் போட்டிகளில் பல பத்துக் கைகள் ஆடுகிறார்கள். அங்கே ஆட்ட விலையோடு, வென்ற ஒவ்வொரு தனி ஆட்டத்துக்கும் 50 கூட்டுவார்கள், தோற்றால் 50 கழிப்பார்கள், மூவர் மேசையில் எதிர்த்து வென்ற இருவருக்கும் ஆளுக்கு 40 கொடுப்பார்கள். அந்தக் கணக்கில் யேனா தம்பியின் கை கழித்தல் 110. கிராண்ட் சொல்லியிருந்தால் 122. ஒரே சொல்லில் 232 புள்ளி வித்தியாசம். இதில் அதிர்ஷ்டத்தின் பங்கு என்ன? சீட்டு நன்றாகத்தான் வந்தது.

யேனாவாசி | ஞாயிறு, காலை 10:44

இதைப் படித்து இரண்டாம் முறை வயிறெரிந்தேன். போகட்டும். இப்போது எதிரணியாக ஆடுவது பற்றிக் கேட்க வேண்டும். மூன்றில் இரண்டு கை எதிரணியாகத்தானே ஆடுகிறேன்? அப்போது என்ன இறக்குவது என்றே தெரியவில்லை. கூட்டாளியிடம் பேசவும் கூடாது.

சனிக்கிழமை ராணி | ஞாயிறு, காலை 11:30

பாட்டியின் பாடம்: 'நண்பனுக்குக் குட்டை, எதிரிக்கு நெட்டை.' ஜெர்மனில் இன்னும் அழகாக இருக்கும். நீங்கள் இறக்க வேண்டிய நேரத்தில் அடுத்து ஆடப்போவது தனியாள் என்றால், உங்களிடம் நிறைய இருக்கும் பூவை இறக்குங்கள். கூட்டாளி கடைசியில் உட்கார்ந்திருக்கிறார், தனியாள் என்ன செய்தார் என்று பார்த்துவிட்டு ஆடலாம். அந்தப் பூ தனியாளிடம் குறைவாகவே இருக்கும், வெட்டுவதற்குத் துருப்பைச் செலவழிப்பார். அடுத்து ஆடப்போவது கூட்டாளி, தனியாள் கடைசி என்றால், உங்களிடம் குறைவாக இருக்கும் பூவை இறக்குங்கள். கூட்டாளியிடம் அதில் ஏஸ் இருக்கலாம், சீக்கிரமே நீங்களும் அந்தப் பூவை வெட்டும் நிலைக்கு வருவீர்கள்.

யேனாவில் இருக்கிறீர்களே, ஆல்ட்டன்பர்க் போனீர்களா? அதே துரிங்கியா மாநிலம்தான். 1810ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்காட் பிறந்த ஊர். ஷாஃப்கோப்ஃ என்ற பழைய ஆட்டத்தில் டாரொக்கையும் கலந்து அந்த ஊர்க்காரர்கள் செய்தது. 1903இல் அங்கே ஸ்காட்டுக்கென்று ஒரு நீரூற்றே கட்டினார்கள், மேலே நான்கு ஜாக்கிகள் கட்டிப் புரண்டு சண்டை போடுவார்கள். புதுக் கட்டு வாங்குபவர்கள் அதில் சீட்டை நனைத்து ஞானஸ்நானம் செய்வது வழக்கம். பாட்டி என் கட்டுக்கும் செய்துவைத்தார். இரண்டு சீட்டு ஊறிப்போய் முதுகைப் பார்த்தே எது என்று தெரிந்துவிடும், அதனால் இப்போது அதைப் பயன்படுத்துவதில்லை.

பழைய ஜாக்கி | ஞாயிறு, பகல் 12:12

அந்த ஊரில் ஸ்காட் நீதிமன்றமும் இருக்கிறது தம்பி, பகிடி இல்லை. விதியில் தகராறு வந்தால் எழுதிப் போடலாம், தீர்ப்பு வரும். 1886இல் அதே ஊரில்தான் முதல் மாநாடு கூட்டிப் பொது விதிகளை உண்டாக்கினார்கள். அதற்கு முன் ஊருக்கொரு விதி. அதற்குப் பின்னும் வீட்டுக்கொரு விதிதான், அது வேறு கதை. உங்கள் விடுதியில் மூவரும் பாஸ் சொன்னால் என்ன செய்கிறார்கள்?

யேனாவாசி | ஞாயிறு, பகல் 12:40

ராம்ஷ் என்று ஏதோ ஆடுகிறார்கள். அதிகப் புள்ளி எடுத்தவருக்குத் தோல்வி. நடுவில் 'கொன்ட்ரா' என்று மேசையைக் குத்துகிறார்கள், விலை இரட்டிப்பாகிறது.

பழைய ஜாக்கி | ஞாயிறு, பகல் 1:05

இரண்டும் அதிகாரபூர்வ விதியில் இல்லாதவை. விதிப்படி மூவரும் பாஸ் சொன்னால் அந்தக் கைக்கு ஒன்றும் இல்லை, சீட்டை அடுத்தவர் கலைத்துப் போடுவார். ஆனால் இதைப் போய் அவர்களிடம் சொல்லாதீர்கள். புதிதாக வந்தவன் விதி பேசினால் அடுத்த வெள்ளிக்கிழமை அழைக்க மாட்டார்கள்.

அந்த இடப்பக்கத்து ஆளையும் கவனியுங்கள். இரண்டாம் பிடியில் இறக்கிய இஸ்பேட் ஜாக்கியும் டைமன் ஏஸும் தவிர அவரிடம் பெரிதாக என்ன இருந்தது? அதை வைத்து 30 வரை ஏற்றியிருக்கிறார். உங்களை ஏற்றிவிட்டு இறங்கிக்கொள்வதுதான் எண்ணமாக இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. 18இலேயே அவர் பாஸ் சொல்லியிருந்தால் உங்கள் 20 பெறுமதியான ஆட்டம் 84 புள்ளியோடு சுகமாக வென்றிருக்கும்.

யேனாவாசி | வெள்ளி, இரவு 11:20

இன்று மறுபடி ஆடினோம். முதல் மூன்று தனி ஆட்டம் வென்றேன்! மூன்றும் சிறியவை. நான்காவதில் கிளாவர் ஜாக்கியோடு டைமன், 18இலேயே ஏலம் எனக்கு நின்றுவிட்டது. இந்த முறை ஸ்காட்டைத் தூக்கியதும் விலையைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இருப்பது ஒன்று, ஆட்டம் இரண்டு, 18. எல்லாம் சரி. ஆடி முடித்து எண்ணினால் 60. மூன்று தடவை எண்ணினோம். 60.

நேர்வழி | சனி, காலை 7:25

60க்கு 60 என்றால் சமம் அல்லவா?

கணக்குப்பிள்ளை | சனி, காலை 7:31

இல்லை. தனியாளுக்கு 61 வேண்டும். எதிரணிக்கு 60 போதும். கழித்தல் 36. நேர்வழி ஐயா படித்துக்கொண்டுதான் இருக்கிறார் போலும்.

பழைய ஜாக்கி | சனி, காலை 9:50

தம்பி, ஸ்காட்டில் எந்த இரண்டைக் கழித்தீர்கள்?

யேனாவாசி | சனி, காலை 9:58

இஸ்பேட் ஏழு, இஸ்பேட் எட்டு. வேண்டாத சீட்டுகள்தானே?

பழைய ஜாக்கி | சனி, காலை 10:01

கையில் எங்காவது ஒரு பத்து தனியாக நின்றதா? ஏஸ் இல்லாமல், துணைக்கு ஒரு சின்னச் சீட்டும் இல்லாமல்?

யேனாவாசி | சனி, காலை 10:04

கிளாவர் பத்து.

கழிக்கும் சீட்டின் புள்ளியும் எனக்குத்தான் சேரும், இல்லையா அண்ணா?